கண்ணு மங்குச்சுனா கண்ணாடியை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க: வாசகர் கேள்வி, கண் டாக்டர் பதில்

போன மாசம் சுகர்காரங்களுக்கு வர்ற ரெட்டினா (விழித்திரை) பிரச்சனை பத்தி எழுதினப்ப கடைசியில ஒரு வரி சொல்லிருந்தேன், உடம்புல வேற இடத்துல ஆரம்பிச்ச புற்றுநோய் கண்ணுக்கும் பரவலாம், சில பேருக்கு அது கண்ணுலதான் முதல்ல தெரிய வரும்னு. சுகரை விட்டுட்டு அந்த ஒரு வரியைப் பத்திதான் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதனால இந்த மாசம் முழுக்க அதுதான்.

கேள்வி: டாக்டரம்மா, எங்கம்மாவுக்கு 58 வயசு. ஆறு வருஷம் முன்னாடி இடது மார்புல கட்டினு ஆபரேஷன் பண்ணி மார்பையே எடுத்துட்டாங்க, கீமோ குடுத்தாங்க, கரண்டும் (கதிர்வீச்சு) வச்சாங்க. அஞ்சு வருஷம் மாத்திரை சாப்பிட்டு முடிச்சு நல்லாதான் இருந்தாங்க. இப்ப ரெண்டு மாசமா வலது கண்ணு மங்கலா இருக்குங்கறாங்க, வாசக்கதவு நிலை நடுவுல வளைஞ்ச மாதிரி தெரியுதாம். கண்ணாடிக் கடையில ரெண்டு தடவ பவர் மாத்தியும் சரியாகல. ஒரு கண் டாக்டர்கிட்ட காமிச்சோம், புரை ஆரம்பிக்குது, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டார். பழைய ஆபரேஷனைப் பத்தி அவர்கிட்ட சொல்லல, ஏன்னா அம்மாவுக்கே அது கேன்சர்னு தெரியாது, கெட்ட கட்டி எடுத்தாச்சுனுதான் சொல்லி வச்சிருக்கோம். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? (மகள், திண்டுக்கல்)

பதில்: இருக்கலாம்மா. கண்ணைப் பாக்காம இருக்குனு நான் சொல்லிட முடியாது, ஆனா ஆறு மாசமெல்லாம் காத்திருக்காதீங்க, இந்த வாரமே ரெட்டினா பாக்குற டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

புரையா இருந்தா எல்லாமே புகை மூட்டமா தெரியும், எதிர்ல வர்ற வண்டி லைட்டு சிதறும், ஆனா நேர்கோடு வளையாது. கதவு நிலை வளைஞ்சு தெரியுதுன்னா கண்ணுக்குப் பின்னாடி, ரெட்டினாவுக்கு அடியில ஏதோ தூக்குதுனு அர்த்தம். அது நீர் கோத்ததா இருக்கலாம், வயசானா மேக்குலாவுல, அதாவது ரெட்டினாவோட நடுப்பகுதியில, வர்ற கோளாறா இருக்கலாம், அம்மாவுக்கு வந்த மாதிரி மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கு அந்தப் புற்றுநோயே அங்க வந்து உக்காந்ததாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் கண்ணாடி மாத்தி சரியாகாது. இன்னொண்ணு, ரெட்டினாவை அடியில இருந்து கட்டி முன்னாடி தள்ளும்போது அந்தக் கண்ணுக்கு பிளஸ் பவர் கூடிக்கிட்டே போகும். ஒரு கண்ணுக்கு மட்டும் கொஞ்ச நாள்லயே ரெண்டு தடவ பவர் மாறுதுன்னா கண்ணாடிக் கடைக்காரங்களே "போய் டாக்டரைப் பாருங்க"னு அனுப்பணும், நல்ல கடைக்காரங்க அனுப்பத்தான் செய்றாங்க.

ஏன் கண்ணுக்கு வருதுன்னா, ரெட்டினாவுக்கு அடியில கோராய்டுனு ஒரு படலம் இருக்கு, அது முழுக்க ரத்தக்குழாய்தான். கண்ணுக்குள்ள வர்ற ரத்தத்துல சுமார் 85 சதவீதம் அந்த ஒரு படலத்துக்கே போகுது. தண்ணி ஜாஸ்தி பாயிற வாய்க்கால்லதான வண்டலும் ஜாஸ்தி ஒதுங்கும், அது மாதிரி ரத்தத்துல மிதந்து வர்ற புற்றுநோய் செல் அங்க ஒதுங்கி வளர ஆரம்பிச்சுடுது. பெரியவங்களுக்குக் கண்ணுக்குள்ள வர்ற புற்றுநோய்ல கண்ணுலயே பொறந்ததை விட இப்படி வேற இடத்துல இருந்து வந்ததுதான் அதிகம். இதுல முதல் இடம் மார்பகம், அடுத்தது நுரையீரல். மார்பகத்துல இருந்து வர்றது ஆபரேஷன் முடிஞ்சு பல வருஷம் கழிச்சும் வரும், "அஞ்சு வருஷம் தாண்டிட்டோம், இனி பயமில்ல"னு வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்குற நேரத்துலயும் வரும். ரெண்டு கண்ணுலயும் வர்றது இதுல சகஜம், அதனால நல்லா இருக்குற இடது கண்ணையும் முழுசா பாக்கச் சொல்லுங்க.

பெரும்பாலும் வலிக்காது, சிவக்காது, அதனாலதான் ஏமாந்து போறோம். வீட்லயே ஒண்ணு பண்ணிப் பாருங்க, ஒரு கண்ணைக் கையால மூடிட்டு இன்னொரு கண்ணால சுவத்துல இருக்குற தேதி காலண்டரோட கட்டத்தையோ தரை டைல்ஸ் கோட்டையோ பாக்கச் சொல்லுங்க, அப்புறம் கண்ணை மாத்தி மூடணும். ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சிருந்தா நல்ல கண்ணு மத்த கண்ணோட குறையை மறைச்சுடும், மாசக்கணக்குல தெரியாமயே போயிடும். ஆனா இந்த டெஸ்ட்ல கோடு நேரா தெரிஞ்சாலும் டாக்டர்கிட்ட போறதை நிறுத்தாதீங்க.

அங்க போனா சொட்டு மருந்து விட்டு அரை மணி நேரம் உக்கார வச்சு, கண்ணு பாப்பா (நடுவுல இருக்கற கருப்பு வட்டம்) நல்லா விரிஞ்சப்புறம் உள்ள முழுக்க பாப்பாங்க. போன தடவ அந்த மாதிரி மருந்து விட்டு உக்கார வச்சாங்களானு நீங்க எழுதல. விடலேன்னா ரெட்டினாவை முழுசா பாத்திருக்க வாய்ப்பு கம்மி. இப்ப போகும்போது மருந்து விட்டுப் பாக்கச் சொல்லி நீங்களே கேளுங்க, அது உங்க உரிமை. பரவின கட்டியா இருந்தா வெளிர் மஞ்சளா, தட்டையா மேடு மாதிரி தெரியும், சுத்தி நீர் கோத்திருக்கும். அப்புறம் கண்ணோட உள்பக்கத்தைப் படம் பிடிக்கற ஓசிடி, பி-ஸ்கேன் எடுப்பாங்க, ரெண்டுமே வலிக்காது.

அடுத்து நீங்க மறைச்ச விஷயம். கோவிச்சுக்காம கேளுங்கம்மா. அம்மா மேல இருக்குற பாசத்துலதான் மறைச்சீங்க, எனக்குப் புரியுது, நம்மூர்ல வீட்டுக்கு வீடு இதுதான் நடக்குது. ஆனா கண் டாக்டர்கிட்ட அந்த ஒரு வரியை சொல்லியிருந்தா அவர் புரைனு சொல்லி அனுப்பியிருக்க மாட்டார், 58 வயசுல நிறைய பேருக்குக் கொஞ்சம் புரை இருக்கும், அதைப் பாத்துட்டு அதோட நிறுத்திட்டார். அம்மா முன்னாடி சொல்ல வரலேன்னா ஒரு துண்டுச்சீட்டுல "மார்பகப் புற்றுநோய், இந்த வருஷம் ஆபரேஷன், இத்தனை கீமோ, கடைசியா சாப்பிட்ட மாத்திரை இது"னு எழுதி நர்ஸ்கிட்ட குடுத்துடுங்க, இல்ல பழைய ஃபைலை அப்படியே கொண்டு போங்க. அந்த ஃபைல்ல பயாப்ஸி (கட்டியில துணுக்கு எடுத்துப் பண்ற டெஸ்ட்) ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கும், அதுல ஈஆர், பிஆர் (ஹார்மோனுக்குக் கேக்குற கட்டியானு சொல்றது), ஹெர்-2 (கட்டியை வளர வைக்கிற ஒரு புரோட்டீன்)னு எழுதியிருப்பாங்க, இனிமே என்ன மருந்துனு முடிவு பண்ண அது ரொம்ப முக்கியம், தொலைச்சிருந்தா ஆபரேஷன் பண்ண இடத்துல கேட்டு வாங்குங்க. அம்மாகிட்டயும் சொல்லிடறதுதான் நல்லதுங்கறது என் அபிப்பிராயம். மார்பை எடுத்து, முடி கொட்டி, கரண்ட் வச்சு, அஞ்சு வருஷம் மாத்திரை போட்ட ஒரு அம்மாவுக்கு எதுவுமே தெரியாதுனு நாமதான் நினைச்சுக்கிட்டு இருக்கோம், பல பேர் தெரிஞ்சுக்கிட்டே பிள்ளைங்களுக்காக சும்மா இருக்காங்க.

கண்ணுல இருக்கறது அதேதான்னு உறுதியாச்சுன்னா கண் டாக்டரோட வேலை பாதிதான், அடுத்து ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டர்கிட்ட போகணும். உடம்பு முழுக்க பெட் ஸ்கேன், மூளைக்கு எம்ஆர்ஐ சொல்லுவாங்க, ஏன்னா கண்ணுக்கு வந்தவங்களுக்கு மூளையிலயும் இருக்க வாய்ப்பு உண்டு. ஈஆர் பாசிட்டிவா இருந்தா லெட்ரோசோல் மாதிரி ஹார்மோன் மாத்திரை, கூட பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப் மாதிரி புது மாத்திரை, ஹெர்-2 பாசிட்டிவா இருந்தா அதுக்குனு ட்ராஸ்டுசுமாப் ஊசி, இதுலயே கண்ணுல இருக்கற கட்டியும் சுருங்கறதைப் பாக்கறோம். பார்வை வேகமா குறையுதுன்னா கண்ணுக்கு கரண்ட் வைப்பாங்க, வழக்கமா ரெண்டுல இருந்து நாலு வாரம், தினமும் போய் கொஞ்ச நேரம் படுத்துட்டு வீட்டுக்கு வந்துடலாம். கண்ணை எடுத்துடுவாங்களோனு பயப்படாதீங்க, இதுக்காகக் கண்ணை எடுக்குறது ரொம்ப அபூர்வம். கரண்ட் வச்ச நிறைய பேருக்குப் பார்வை முன்னேறுது, இல்ல இருக்குற அளவுக்காவது நிக்குது. ஆனா ரெட்டினா ரொம்ப நாள் தூக்கிக்கிட்டே இருந்தா அப்புறம் கட்டி சுருங்கினாலும் பார்வை முழுசா வராது, நான் இந்த வாரமே போகச் சொல்றது அதுக்குத்தான்.

கேள்வி: வணக்கம் டாக்டர். என் மனைவிக்கு 46 வயசுங்க. நாலு மாசமா வறட்டு இருமல், எக்ஸ்ரே பாத்துட்டு டிபியா இருக்கும்னு மாத்திரை குடுத்தாங்க, சளியில கிருமி எதுவும் வரலைங்க, இருமலும் நிக்கலைங்க. போன வாரம் இடது கண்ணுல ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருக்குனு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெட்டினாவுக்கு அடியில மஞ்சளா கட்டி இருக்கு, உடனே நெஞ்சுக்கு சிடி எடுங்கன்னுட்டாங்க. கண்ணுக்கு வந்தா நெஞ்சுக்கு எதுக்குங்க ஸ்கேன்? அவளுக்கு பீடி சிகரெட் வாசமே ஆகாது, எங்க வீட்ல யாரும் பிடிக்கிறதில்லைங்க. (வாசகர், கோவை)

பதில்: அந்த டாக்டர் சரியாதான் சொல்லியிருக்காங்க தம்பி, சிடியைத் தள்ளிப் போடாதீங்க.

அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா வில்ஸ் கண் ஆஸ்பத்திரியில கேரல் ஷீல்ட்ஸ்னு ஒரு டாக்டரும் அவங்க குழுவும் இப்படிக் கண்ணுக்குப் பரவின 420 பேரைப் பத்தி 1997ல ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, இன்னிக்கும் நாங்க எல்லாரும் அதைத்தான் எடுத்துப் பேசறோம். அதுல 47 சதவீதம் மார்பகத்துல இருந்து வந்தது, 21 சதவீதம் நுரையீரல்ல இருந்து. நீங்க கவனிக்க வேண்டியது இன்னொரு கணக்கு, அந்தப் பேஷண்டுகள்ல 34 சதவீதம் பேருக்குக் கண்ணுல கண்டுபிடிக்கிற வரைக்கும் உடம்புல புற்றுநோய் இருக்கறதே தெரியாது. அப்படித் தெரியாம வந்தவங்களைத் தேடிப் பாத்தப்ப அதிகமா கிடைச்சது நுரையீரல்லதான், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு எங்க ஆரம்பிச்சதுனே கண்டுபிடிக்க முடியல. அதனாலதான் கண்ணுல மஞ்சள் கட்டியைப் பாத்ததும் முதல் வேலையா நெஞ்சுக்கு சிடி, பெண்களா இருந்தா கூடவே மார்பகப் பரிசோதனை.

இன்னும் எதுவும் உறுதியாகல, அதையும் சொல்லணும். நம்ம நாட்ல டிபி ஜாஸ்தி, டிபியும் கோராய்டுல மஞ்சளா கட்டி மாதிரி வரும், பாக்க ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கும், அனுபவப்பட்ட டாக்டரே யோசிப்பாங்க. ஆனா சளியில கிருமி இல்ல, மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிக்கல, இப்ப கண்ணுலயும் வந்திருக்கு, இப்படி இருக்கப்ப டிபினே வச்சுக்கிட்டு ஆறு மாசக் கோர்ஸை முடிச்சுட்டுப் பாக்கலாம்னு இருக்கக் கூடாது. நுரையீரல் புற்றுநோயை டிபினு நினைச்சு மாசக்கணக்குல மாத்திரை குடுத்துட்டுக் கடைசியில வர்றவங்க நம்ம நாட்ல ஏராளம், எனக்கு ரொம்ப மனசு கஷ்டமான விஷயம் இது. சிடியில ஏதாவது தெரிஞ்சா அங்கிருந்து ஊசி போட்டு பயாப்ஸி எடுப்பாங்க, வழக்கமா கண்ணுக்குள்ள ஊசி போட வேண்டி வராது. டிபி மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, அதை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

சிகரெட் விஷயம் நிறைய பேர் கேக்கறாங்க. சிகரெட்டே தொடாதவங்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருது, அதுவும் ஆசிய நாடுகள்ல பெண்களுக்கு அடினோகார்சினோமாங்கற வகை வருது. அந்த வகையில நிறைய பேருக்கு ஈஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கும், 2004ல கண்டுபிடிச்சாங்க, சிகிச்சையையே மாத்தின கண்டுபிடிப்பு அது. ஏன்னா அந்த மாற்றம் இருந்தா கீமோ இல்லாம தினம் ஒரு மாத்திரையிலயே ஆரம்பிக்க முடியும். ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், இப்ப ஓசிமெர்ட்டினிப். ஏஎல்கே, ராஸ்-1னு வேற ஜீன் மாற்றத்துக்கும் தனித்தனி மாத்திரை இருக்கு. இந்த மாத்திரைங்க ஆரம்பிச்சு சில வாரத்துலயே கண்ணுல இருக்கற கட்டி தட்டையாகி நீர் வத்திப் பார்வை திரும்பினவங்க இருக்காங்க, தனியா கண்ணுக்கு கரண்ட் வைக்காமலே. அதனால பயாப்ஸி எடுத்தா அதோட ஜீன் டெஸ்ட்டுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்க, அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், பொறுமையா இருங்க, உயிருக்கு அவசரம்னா டாக்டரே முன்னாடி ஆரம்பிச்சுடுவாங்க.

செலவு பத்தி நீங்க கேக்கல, ஆனா மனசுல ஓடிக்கிட்டு இருக்கும்னு தெரியும். ஜெஃபிட்டினிப் நம்ம நாட்டுக் கம்பெனிங்களே தயாரிக்குது, ஒப்பிட்டா விலை கம்மி. ஓசிமெர்ட்டினிப் விலை அதிகம், 2024 பட்ஜெட்ல அதுக்கு இறக்குமதி வரியை எடுத்தாங்க, அப்பவும் சாதாரண குடும்பத்துக்குப் பெரிய தொகைதான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எது வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்ட்டர்ல முதல் நாளே கேட்டுடுங்க, நகையை அடகு வைக்கிறது அப்புறம்.

புற்றுநோய்னே ஆச்சுன்னா கண்ணுக்குப் பரவினது நாலாம் ஸ்டேஜ்தான், அதை உங்ககிட்ட மறைக்க மாட்டேன். அடியோட குணமாக்கறது கஷ்டம். ஆனா நாலாம் ஸ்டேஜ்னா இத்தனை மாசம்தான்னு சொந்தக்காரங்க கணக்கு போடறது பழைய காலத்து நிலவரம், சரியான ஜீன் மாற்றம் இருந்து மாத்திரை வேலை செஞ்சா வருஷக்கணக்குல சமைச்சு, வேலைக்குப் போயி, பிள்ளைங்க ஸ்கூல் மீட்டிங் போயிட்டு வர்றவங்க இருக்காங்க.

கேள்வி: எனக்கு 61 வயசு, லாரி டிரைவரா இருந்தேன், 30 வருஷம் பீடி. இப்ப விட்டுட்டேன். வலது கண்ணு இமை லேசா தொங்குது, கண்ணு சின்னதாயிட்டதுனு வீட்ல சொல்றாங்க. வலது தோள்பட்டை வலிக்கு மூணு மாசமா எண்ணெய் தேய்ச்சு, பிசியோதெரபியும் பாத்தாச்சு, வலி கையோட உள்பக்கமா சுண்டுவிரல் வரைக்கும் இறங்குது. இமைக்கு ஆபரேஷன் பண்ணா சரியாகுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ஐயா, இமை ஆபரேஷனை மறந்துடுங்க, முதல்ல நெஞ்சுக்கு எக்ஸ்ரேயும் சிடியும் எடுங்க. அதுவும் எக்ஸ்ரே நல்லா இருக்குனு சொன்னாலும் சிடி எடுக்காம விடாதீங்க, நுரையீரலோட உச்சி எலும்புங்களுக்குப் பின்னாடி மறைஞ்சு நிக்கும், எக்ஸ்ரேல தப்பிச்சுடும்.

கண் இமையைத் தூக்கறதுக்கும் பாப்பாவை விரிக்கறதுக்கும் ஒரு நரம்பு இருக்கு, அது மூளையில கிளம்பி முதுகுத்தண்டு வழியா மார்பு வரைக்கும் இறங்கி, நுரையீரல் உச்சிக்கு மேல சுத்திக்கிட்டு, கழுத்து வழியா திரும்பக் கண்ணுக்கு ஏறி வருது. நுரையீரல் உச்சியில ஒரு கட்டி வந்தா இந்த நரம்பையும் கைக்குப் போற நரம்பையும் சேத்து அழுத்தும். அப்ப இமை தொங்கும், அந்தப் பக்கத்துப் பாப்பா சின்னதாகும், முகத்துல அந்தப் பாதி வேர்க்காது. இதை ஹார்னர்னு ஒரு சுவிஸ் கண் டாக்டர் 1869ல எழுதி வச்சார், அந்த உச்சிக் கட்டிக்கு பான்கோஸ்ட்னு ஒரு அமெரிக்க எக்ஸ்ரே டாக்டர் பேரு. இது கண்ணுக்குப் பரவறது கிடையாது, பக்கத்துல இருந்து நரம்பை அழுத்தறது, அதனால பரவறதுக்கு முன்னாடியே பிடிச்சா கீமோவும் கரண்டும் குடுத்து ஆபரேஷன் வரைக்கும் போக முடியும். ராத்திரி லைட்டைக் கம்மியா வச்சு வீட்ல யாரையாவது உங்க ரெண்டு பாப்பாவையும் பாக்கச் சொல்லுங்க, வலது பக்கம் சின்னதா இருந்தா இந்தப் பத்திரிகைப் பக்கத்தைக் காட்டியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு ஒண்ணு, இமை தொங்கறதுக்கு வயசு, சுகர், தசைக் கோளாறுனு ஆயிரம் காரணம் இருக்கு. இவருக்கு இமை தொங்கறதும் சுண்டுவிரல் வரைக்கும் இறங்கற தோள்பட்டை வலியும் ஒரே பக்கம் சேந்து வந்ததாலதான் நெஞ்சைப் பாக்கச் சொல்றேன். கழுத்து வலியோட திடீர்னு ஒரே நாள்ல இமை தொங்கினா அது கழுத்து ரத்தக்குழாய் கிழிஞ்சதா இருக்கலாம், அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போகணும்.

கேள்வி: மேடம், எனக்கு 29 வயசு, ஐடி வேலை. இடது இமை ரெண்டு வாரமா துடிக்குது, காலேஜ் காலத்துல இருந்தே கண்ணு முன்னாடி நூல் மாதிரி மிதக்குது. நெட்ல தேடினா எல்லாம் கேன்சர்னு வருது, தூக்கமே வரல. (வாசகி, சென்னை)

பதில்: தூங்குங்கம்மா. இமை துடிக்கறது தூக்கம் இல்லாம, காபி ஜாஸ்தியாகி, ஸ்க்ரீனையே பாத்துக்கிட்டு இருந்தா வர்றது, தானா போயிடும். வருஷக்கணக்கா ஒரே மாதிரி மிதக்கற நூலும் பயப்படற விஷயம் இல்ல. கண்ணுக்கு வர்ற ஆயிரம் தொந்தரவுல பரவின புற்றுநோய்ங்கறது ரொம்ப ரொம்ப கம்மி. திடீர்னு பூச்சி கூட்டமா பறக்கற மாதிரி கூடினாலோ, ஓரத்துல மின்னல் அடிச்சாலோ, ஒரு பக்கம் திரை விழுந்தாலோ அன்னிக்கே போங்க, அதுவும் பெரும்பாலும் ரெட்டினா கிழிசலாதான் இருக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு ரெண்டரை வயசு. பத்து நாளா ரெண்டு கண்ணைச் சுத்தியும் அடிபட்ட மாதிரி கருநீலமா இருக்கு, எங்கேயும் விழல. ஒரு கண்ணு கொஞ்சம் முன்னாடி வந்த மாதிரியும் தெரியுது. திருஷ்டினு சுத்திப் போட்டோம், பக்கத்து வீட்ல தூக்கம் பத்தலேங்கறாங்க. பிள்ள சரியா சாப்பிடல, நடக்க மாட்டேங்கறான், தூக்கு தூக்குனு அழறான். (பாட்டி, நாகர்கோவில்)

பதில்: அம்மா, திருஷ்டி கழிச்சது இருக்கட்டும், இன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்ட தூக்கிட்டு போங்க, முடிஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. இந்தக் கேள்விக்கு மட்டும் பத்திரிகை வர்ற வரைக்கும் காத்திருக்காம உங்க நம்பருக்குக் கூப்பிட்டு சொல்லிட்டோம், மத்தவங்களுக்கும் தெரியணும்னு இங்க போடறோம்.

அடிபடாம ரெண்டு கண்ணைச் சுத்தியும் ரத்தம் கட்டி, கண்ணு முன்னாடி தள்ளி, பிள்ள சோர்ந்து, கால் வலியில நடக்காம இருந்தா நாங்க முதல்ல நினைக்கிறது நியூரோபிளாஸ்டோமானு ஒரு குழந்தைப் புற்றுநோய். அது பெரும்பாலும் கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பியில வயித்துக்குள்ள ஆரம்பிக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது, கண்ணைச் சுத்தி இருக்கற எலும்புக்குப் பரவினப்புறம்தான் முகத்துல காட்டும். கண்ணு நல்லா தெரியும், அதனால கண்ணுல கோளாறு இல்லனு திருப்பி அனுப்பிடவும் வாய்ப்பு இருக்கு, வயித்தைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க, வயித்துக்கு ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும் யூரின் டெஸ்ட்டும் பண்ணுவாங்க. ரத்தப் புற்றுநோயும் சில குழந்தைகளுக்கு இப்படிக் கண்ணைத் தள்ளிக்கிட்டு வரும், ரத்தம் உறையாத நோய்லயும் இப்படிக் கட்டும், எதுனு டெஸ்ட்தான் சொல்லும். சிகிச்சை நீளமானதுதான், கீமோ, ஆபரேஷன், தேவைப்பட்டா ஸ்டெம் செல்னு போகும், ஆனா குழந்தைங்க உடம்பு மருந்துக்கு நல்லா கேக்கும். வீட்ல யாரு மேலயும் பழி போடாதீங்க, மருமக பாத்துக்கல, கீழ போட்டுட்டாங்கற பேச்சே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 41 வயசு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப டோசிடாக்செல் கீமோ போயிக்கிட்டு இருக்கு. ரெண்டு கண்ணுலயும் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு, துடைச்சுத் துடைச்சு இமையெல்லாம் புண்ணு. கண்ணுக்குப் பரவிடுச்சோனு பயமா இருக்கு. வருஷா வருஷம் கண்ணுக்கு ஸ்கேன் எடுக்கணுமா டாக்டர்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நீங்க சொல்றதைப் பாத்தா பரவின மாதிரி தெரியலம்மா. டோசிடாக்செல் கண்ணீர் வழியாவும் வெளிய வரும், வரும்போது கண்ணு ஓரத்துல மூக்குப் பக்கம் இருக்கற கண்ணீர்க் குழாயைச் சுருக்கிடும், வடிய வழியில்லாம தண்ணி கன்னத்துல வழியுது. இதைப் பேஷண்டுங்க சொல்றதே இல்ல, முடி கொட்டறதுக்கும் வாந்திக்கும் நடுவுல இது சின்ன விஷயம்னு விட்டுடறாங்க.

கண்ணுல எந்தத் தொந்தரவும் இல்லாம எல்லாரும் வருஷா வருஷம் பரவிருக்கானு கண்ணுக்கு ஸ்கேன் எடுக்கற வழக்கம் இல்ல, எடுத்தாலும் கிடைக்கறது ரொம்ப கம்மி. மங்கல், கோடு வளையறது, மின்னல், திரை, ரெட்டையா தெரியறது, இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் வச்சிருக்காம ஆன்காலஜி டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. கீமோ முடிஞ்சு டமாக்சிஃபென் மாத்திரை ஆரம்பிச்சாங்கன்னா அதுவும் ரொம்ப அபூர்வமா ரெட்டினாவுல படியும், அதனால அப்ப ஒரு தடவ சொட்டு மருந்து விட்டுப் பாத்து வச்சுக்கறது நல்லது, பின்னாடி ஏதாவது வந்தா ஒப்பிட்டுப் பாக்க உதவும்.

இப்போதைக்கு அந்தக் கண்ணீர்க் குழாயைக் கவனிங்க. முழுசா அடைஞ்சு போச்சுன்னா பெரிய ஆபரேஷனாயிடும், அதுக்கு முன்னாடி போனா சின்ன சிலிக்கான் குழாய் ஒண்ணு வச்சு கீமோ முடியற வரைக்கும் வழியைத் திறந்தே வச்சிருக்கலாம், அடுத்த கீமோ டேட்டுக்குள்ளயே ஒரு கண் டாக்டரைப் பாத்துடுங்க, என்ன மருந்து போகுதுனு கீமோ சீட்டையும் கையோட எடுத்துட்டு போங்க.